கோப்பியும் பஞ்சும்

"ஐயோ, கடிச்சிடப் போவுது! தூக்குங்க, தூக்குங்க!"

பிரேமலா போட்ட கூச்சலில் குசினியிலிருந்து ஓடிவந்தாள் மகள் மலர். முன்வாசலில் அம்மா மடியில் முயல் கோப்பி. கம்பித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா கமலநாதன் கையில் இன்னொரு முயல் பஞ்சு. தரையில் கொத்தாக முயல் முடி.

"மறுபடியும் சண்டையாப்பா?"

"நீ உள்ள போனதும் பாய்ஞ்சிடுச்சும்மா. நல்லவேளை, அம்மா பார்த்துட்டா."

மலருக்கு எரிச்சலாக வந்தது. ஒரே கூண்டில் வளர்ந்த முயல்கள்தான் இரண்டும். மூன்று வருஷத்துக்கு முன் அப்பா கோபித்துக்கொண்டு சிகாமட்டுக்குப் போனபோது பஞ்சையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார். பிரிந்த முயல்கள் பழசை மறந்துவிடுமாம்; முதலிலிருந்து பழக்க வேண்டுமாம். இப்போது அப்பாவின் அடுக்குமாடியில் பிராணி கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் கோப்பியோடு ஒட்டாவிட்டால் பஞ்சை யாருக்காவது தாரை வார்க்க வேண்டியதுதான். குட்டியிலிருந்து வளர்த்ததை எப்படிக் கொடுப்பது?

ஞாயிறுதோறும் அப்பா பஞ்சைக் கூடையில் தூக்கிக்கொண்டு செனாய் வீட்டுக்கு வந்தார். துணியை மாற்றிப் போட்டாயிற்று, தடுப்புக்கு இருபுறமும் தீனி வைத்தாயிற்று. ஒன்றும் வேலைக்காகவில்லை.

"இன்னிக்கு ஒண்ணா விட்டுப் பார்த்துடலாம்மா," என்றாள் மலர்.

"உனக்கென்ன பைத்தியமா? ரத்தக்களறியாயிடும்!" என்று பதறினாள் அம்மா.

"ஆமாலா, அடுத்த வாரம் பார்ப்போம்," என்றார் அப்பா.

"அடுத்த வாரம், அடுத்த வாரம்! இதுக்கு என்கூட ஃபேக்டரில வேலை செய்யற கஸ்தூரி கேட்டப்பவே பஞ்சைக் கொடுத்திருக்கலாம்!"

கங்கோங் கீரை வாங்கி வருவதாகச் சொல்லி மலர் மோட்டார் சைக்கிளை எடுத்தாள். முனை வரைக்கும் போனவளுக்கு மனசு கேட்கவில்லை. பார்த்தாலே சீறுகிற இரண்டு முயல்கள், முகம் கொடுத்துப் பேசாத இரண்டு மனிதர்கள். நான்கையும் தனியாக விட்டுவிட்டு வந்தாயிற்றே! திரும்பி வந்து, கேட்டுக்கு வெளியிலேயே மோட்டாரை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள்.

கம்பித் தடுப்பு ஓரமாகச் சுவரில் சாத்தியிருந்தது. கோப்பி காதை நக்கிக்கொடுக்க, பஞ்சு கண்மூடிக் கிடந்தது. பக்கத்தில் அப்பா, சீப்பில் சிக்கிய முயல் முடியைப் பிய்த்துத் தரையில் தூவிக்கொண்டிருந்தார்.

"சீக்கிரம் பிரிச்சு வைங்க, மலர் வந்துடுவா," என்று அம்மா சிரித்தாள். "இதுங்க ராசியாயிடுச்சுன்னு தெரிஞ்சா, அப்புறம் என்ன சாக்கு சொல்லி நீங்க வருவீங்க?"