செருப்பைக் கழற்றும் வளைவு

மூன்றாவது வளைவில் வழிகாட்டி நின்றாள். பின்னால் வந்த இருபது பேரும் அவள் சொன்னபடி செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நாளைக்கு இருபது பேருக்கு மேல் அந்தத் தேசியப் பூங்காவுக்குள் விடுவதில்லை. அமைச்சரின் மச்சானே வந்தாலும் இருபத்தொன்றாவது ஆளென்றால் நாளைக்கு வா என்பதுதான் பதில்.

"எங்க ஆளுங்க இங்க தூங்குறாங்க. ஒரு நாப்பது அடி சத்தமில்லாம நடந்துருங்க."

ஆறு வருடமாக இதைத்தான் சொல்கிறாள். பக்கத்து அறையில் நிஜமாகவே யாரோ தூங்குவதுபோல் தணிந்த குரலில் சொல்வாள். அதற்கே சிலருக்குக் கண் கலங்கிவிடும்.

ஊருக்குத் திரும்பியவர்கள் இணையத்தில் எழுதியதும் இதைப் பற்றித்தான். யானையைப் பார்த்தவர்கள்கூட யானையை இரண்டாம் பத்திக்குத் தள்ளிவிட்டார்கள்.

வினை அங்கேதான் பிடித்தது.

அன்று வரிசையின் கடைசியில் சுற்றுலா அதிகாரியும் வந்திருந்தார். மற்றவர்களை ஓடைக்கரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு அவள் திரும்பி வந்தபோது, அவர் ஒரு வரைபடத்தை முழங்காலில் விரித்து வைத்திருந்தார்.

அந்த வளைவில் ஒரு பார்வை மேடை. எல்லாமே மூங்கில். சிமெண்டு கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது, விளக்குகூடச் சூரிய ஒளியில் எரிவது. 'மூதாதையர் உறங்கும் இடம்' என்று ஒரு பலகை. காலை பதினோரு மணிக்கு அவளுடைய ஆட்கள் முறை வைத்து வந்து இழவுப் பாட்டு ஒன்று பாட வேண்டும். எட்டுத் தூண்கள், ஒவ்வொன்றுக்கும் நான்கடிக் குழி. நாளைக் காலையில் கடப்பாரையோடு ஆட்கள் வருகிறார்கள்.

"உங்க ஜனங்களுக்கு இதவிட மரியாத என்னம்மா வேணும்?" என்றார்.

மனதாரத்தான் கேட்டார். வழியில் கிடந்த மிட்டாய்த் தாளையெல்லாம் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வரும் மனிதர் அவர்.

வரைபடத்தில் தூண்களைச் சின்னச் சின்ன வட்டமாகப் போட்டிருந்தார்கள். அவள் ஒரு வட்டத்தை மட்டும் அதிக நேரம் பார்த்தாள்.

"இங்க யாரும் இல்ல சார். நான் கட்டிவிட்ட கதை."

அவருக்குச் சரியாகக் காதில் விழவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னாள்.

ஒரு பறவை இங்கே தரையில் கூடு கட்டுகிறது என்றாள். பறவை இருக்கிறது என்றால் ஆளாளுக்குப் போனைத் தூக்கிக்கொண்டு புதரை விலக்கித் தேடுவார்கள். செத்தவர்கள் இருக்கிறார்கள் என்றால் யாரும் தேட மாட்டார்கள். அதனால் அப்படிச் சொன்னேன் என்றாள்.

கூடு இருக்கும் இடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது என்பது பூங்காவின் விதி. புதைகுழிக்கு அப்படி விதி எதுவும் இல்லை.

இல்லாத வழக்கத்தை இருப்பதாகச் சொல்லும் வழிகாட்டியின் அட்டையை ஒரு வருடத்துக்குப் பிடுங்கிவிட வேண்டும் என்பதும் விதிதான். அவளே படித்துக் கையெழுத்துப் போட்டது. அவள் வீட்டுக்குச் சம்பளம் என்று ஒன்று வருவது அந்த அட்டையால் மட்டும்தான். அவளுக்குப் பயமாகவே இருந்தது.

அதிகாரிக்கு முகம் சிவந்துவிட்டது. மேடை போனதில்கூட அவருக்கு அவ்வளவு வருத்தமில்லை. ஆறு வருடமாக அந்த இடத்தில் அவரும் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்திருக்கிறார்.

பறவையின் பெயரைக் கேட்டார். கூட்டைப் பதியும் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருந்தது.

அவள் "சிணுங்கி" என்றாள்.

அப்படி ஒரு பெயர் பட்டியலில் இல்லையே என்றார். நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம் என்றாள். எப்படிக் கத்தும் என்று கேட்டார்.

"இப்பல்லாம் கத்துறதில்ல சார்."

அவர் எழுதிக்கொண்டார். கூட்டை நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டியவர் பறவை ஆய்வாளர். அந்தப் பணியிடம் நான்கு வருடமாகக் காலி. அது நிரம்பும்வரை அந்த வளைவில் யாரும் கை வைக்க முடியாது. அரசாங்கம் எந்த வேகத்தில் ஆள் எடுக்கும் என்பது அவள் அறியாததா என்ன.

கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, பெஞ்சில் இருந்தவர்களைப் பூங்கா வாசல்வரை கொண்டுவந்து விட்டாள்.

அவள் வீடு வாசலுக்கு வெளியேதான். காட்டைப் பூங்கா ஆக்கியபோது உள்ளே குடியிருந்தவர்களுக்குக் கட்டிக் கொடுத்த, ஒரே அச்சில் வார்த்த முப்பது வீடுகளில் ஒன்று. கணவன் உலர்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். அவளுடைய வெறுங்கழுத்தைப் பார்த்தான்.

நாலு வாக்கியத்தில் நடந்ததைச் சொன்னாள்.

அவன் அட்டையைப் பற்றிக் கேட்கவில்லை. பறவைக்கு என்ன பேர் சொன்னே என்று கேட்டான். சொன்னாள்.

அவன் மடிப்பதை நிறுத்தினான். இந்த வீட்டுக்குள் இதுவரை யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை. எப்போதும் இடுப்பில் உட்கார்ந்து சிணுங்கிக்கொண்டே இருந்த பதினோரு மாத மகளை மூன்றாவது வளைவில் புதைத்துவிட்டுத்தான் அவர்கள் இங்கே குடிவந்தார்கள்.

"சரியா எழுதினாரா?" என்றான்.

"ரெண்டு சுழி போட்டாரு. மூணு சுழின்னு சொல்லி, திருத்த வெச்சிட்டுத்தான் அட்டையக் கழட்டினேன்."