ஏழு வாட்

அலுவலகத்தில், கேபிள் வழியே மின்சாரமும் தரும் பழைய நெட்வொர்க் சுவிட்சை மாற்ற வேண்டும். எந்தக் கேமரா, எந்தப் போன் அதிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்று ஜெசிந்தா மடிக்கணினித் திரையில் பார்த்துக் கூட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கேபிள் மட்டும் மாடிச் சுவருக்குள் போய் மறைந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் வெறும் வானம். ஆனாலும் அது ஏழு வாட் எடுத்துக்கொண்டிருந்தது.

“அதக் கணக்குல சேக்காதீங்க மேடம். சின்ன சுவிட்சே போதும்,” என்றார் உடன் வந்த வைரவன்.

ஜெசிந்தா ஒரு கையைச் சுவரில் ஊன்றிக்கொண்டு கேபிளை உருவினாள். உள்ளங்கைக்கு அடியில் இளஞ்சூடாக இருந்த இடம் மெல்லச் சில்லிட்டது. அவசரமாகத் திரும்பச் செருகினாள். சூடு தயங்கித் தயங்கி வந்தது. திரையில் இப்போது எட்டு வாட்.

“பெருசாவே வாங்கிடலாம் வைரவன்.”

“எதுக்கு மேடம்?”

“வளருதுல்ல,” என்றாள், சுவரிலிருந்து கையை எடுக்காமல்.