அழுகையை எடுத்தாச்சு

டிவியில் டாக் ஷோ புதிதாக வந்த காலம். எங்களிடம் இருந்தது ஒரே கேமரா. அதனால் பார்வையாளர்களின் முகங்களை முதலிலேயே எடுத்துவிடுவோம். விருந்தினர் வாயைத் திறப்பதற்குள் நாற்பது பேரும் சிரித்து, கைதட்டி, அழுது முடித்துச் சாப்பாட்டுப் பொட்டலம் வாங்கப் போயிருப்பார்கள். அழுகை வராதவர்களுக்குக் கண்ணில் கிளிசரின் விடுவது என் உத்தியோகம்.

அன்றைய விருந்தினர் தூத்துக்குடிப் பக்கத்து அமலோற்பவம். கடலுக்குப் போன மகன் ஆறு மாதமாகத் திரும்பவில்லை என்று எங்களுக்குக் கடிதம் எழுதியிருந்தார். அதற்குப் பிறகு அவரிடம் யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. காலி நாற்காலிகளுக்கு எதிரே அவரை உட்காரவைத்துக் கேமராவைத் திருப்பினோம். நெறியாளர் குரலைத் தாழ்த்தி, "மகனைப் பத்திச் சொல்லுங்கம்மா" என்றார்.

"போன வாரம் வந்துட்டான் தம்பி! படகு வேற கரையில ஒதுங்கிருச்சாம். அதச் சொல்லத்தான் வந்தேன்."

தயாரிப்பாளர் தலையில் அடித்துக்கொண்டார். "அழுகைய எடுத்தாச்சேம்மா. வரலைன்னே சொல்லிருங்க."

"அது எப்படி? ரெண்டாவது வரிசையில நீலச் சட்டை போட்டு அழுதானே, அவன்தான் என் மகன். ஆள் குறையுதுன்னு நீங்கதானே கூட்டிட்டுப் போய் உக்கார வச்சீங்க."

தயாரிப்பாளர் டேப்பை ஓட்டிப் பார்த்தார். நீலச் சட்டைக்காரன் தேம்பித் தேம்பி அழுதுகொண்டிருந்தான். அவனுக்கு நான் கிளிசரின் விட்டிருக்கவில்லை.

"இத எப்படிம்மா வெட்டுறது?" என்றார் தயாரிப்பாளர். "நாற்பது பேர்ல இவன் ஒருத்தன்தான் ஒழுங்கா அழுதிருக்கான்."