முப்பது பேர் மடியில்

"உன் முட்டை பெருசா, என் பையன் கல்யாணம் பெருசா? அதை மட்டும் சொல்லு," என்று வாசலில் நின்று கத்திக்கொண்டிருந்தார் தச்சர்.

"பையனுக்கு முப்பத்திநாலு வயசாச்சு மாமா. இன்னும் மூணு நாள் தாங்குவான். முட்டை தாங்காது," என்றாள் உள்ளேயிருந்து கோழிக்காரி.

தச்சர் அவளுக்குக் கணவனின் அண்ணன். அந்தக் கணவனோ வழக்கம்போல இரண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு நடுவில் நின்றான்.

மலைமேல் மொத்தம் முப்பத்தெட்டு வீடு. முப்பத்தேழு கூரையிலிருந்த சோலார் தகடும் விடிந்ததுமே இறங்கி வைக்கோல்போருக்குள் ஒளிந்துகொண்டது. மிச்சம் இவள் வீட்டுத் தகடுதான்.

விஷயம் இதுதான். கீழிருந்து மின்சார லைன் இழுக்கலாமா என்று பார்க்க அன்றைக்கு சர்வேக்காரர் வருகிறார். சோலாரைக் கண்டால் 'இந்த ஊரில்தான் கரண்டு இருக்கிறதே' என்று எழுதிவிட்டு நடையைக் கட்டிவிடுவார். எதிர்மலை ஊர் அப்படித்தான் வரிசையில் கடைசிக்குப் போயிற்று.

லைன் இல்லாத ஊருக்குப் பெண் கொடுக்க ஆளில்லை. தச்சரின் மகனைப் பார்க்க வந்த இரண்டு குடும்பம், கம்பம் எங்கே என்று அண்ணாந்து பார்த்துவிட்டுத் தண்ணீர்கூடக் குடிக்காமல் இறங்கிப் போயிற்று. பதினோரு வருஷமாக ஊர் அவனை 'மாப்பிள்ளை' என்றே கூப்பிடுகிறது. அவனும் பாவம், திரும்பிப் பார்த்துத் தொலைக்கிறான்.

"உன் தகடு நாலு பல்பு எரிக்கும். முட்டைக்குச் சூடு குடுக்கும். என் ரம்பத்தைச் சுத்துமா?"

"கீழூர்லயும்தான் லைன் இருக்கு. ஒரு காத்தடிச்சா மூணு நாளைக்கு வெறும் கம்பிதான் இருக்கு. அப்ப என் முட்டைக்கு உங்க ரம்பமா வந்து சூடு குடுக்கும்?"

இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை முடியவில்லை.

குஞ்சு பொரிக்கும் பெட்டிக்குள் நூற்றிருபது முட்டை. பத்தொன்பதாம் நாள்; பொரிக்க இன்னும் இரண்டு மூன்று நாள்தான். பழைய பாட்டரி, வெயில் இல்லாமல் ஒரு மணி நேரம்கூட இழுக்காது. முதல் ஈடு மேகமூட்டத்தில் கெட்டுப்போனது. இதுவும் போனால் கடனுக்கு வாங்கிய பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அவள் மறுபடி கல் உடைக்கப் போக வேண்டியதுதான்.

கீழே வளைவில் ஜீப் உறுமியது.

அப்போதுதான் தச்சரின் மனைவி உள்ளே வந்தாள். கோழிக்காரிக்கு ஓரகத்தி, அறுபத்திரண்டு வயது. இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை நின்று ஏழு மாதம்.

பெட்டியைத் திறந்தாள். நாலு முட்டையை எடுத்து, துணியில் சுற்றி, மடியில் செருகிக்கொண்டாள்.

"நாலு பெத்தவடி நான். எனக்குச் சூடு தெரியாதா?"

அதற்குப் பிறகு யாரும் யாரையும் கூப்பிடவில்லை. ஒவ்வொருத்தியாக வந்து நாலு நாலாக வாங்கிப் போனார்கள். பெட்டி காலி. தகடும் இறங்கியது.

சர்வேக்காரர் வந்தபோது ஊர்ப் பெண்கள் முப்பது பேரும் கிணற்றடியில் நின்றிருந்தார்கள். ஒருத்தியும் குனியவில்லை. ஒருத்தியும் வேகமாக மூச்சுவிடவில்லை. எல்லோர் கையும் அடிவயிற்றில்.

"உக்காருங்கம்மா, ஏன் நிக்கிறீங்க?"

"பரவால்ல சார். நின்னே பழகிருச்சு."

அவர் கூரைகளைப் பார்த்தார். தகரம் முழுக்க வருஷக்கணக்கில் படிந்த தூசி. ஒவ்வொரு கூரையிலும் நடுவில் மட்டும், துடைத்துவிட்டதுபோல் சுத்தமாக ஒரு கட்டம். முப்பத்தெட்டுக் கட்டம்.

கோழிக்காரி வரிசையிலிருந்த மடிகளை ஓரக்கண்ணால் எண்ணினாள். தன் மடியில் இருப்பது நாலுதான். மிச்சம் நூற்றுப் பதினாறும் ஊரான் மடியில் அல்லவா இருக்கிறது.

அந்த நேரம் பார்த்து ஓரகத்தியின் மடிக்குள்ளிருந்து 'கீச்' என்றது.

ஓரகத்தி இருமினாள். மறுபடி 'கீச்'. மறுபடி இருமினாள்.

"வயிறு சரியில்ல சார்," என்றாள்.

சர்வேக்காரர் அவளைப் பார்த்தார். வரிசை முழுவதையும், கைகள் இருந்த இடத்தையும் ஒரு தடவை பார்த்தார். பிறகு குனிந்து வெகுநேரம் எழுதினார். ஒவ்வொருத்தியிடமும் வயதை மட்டும் கேட்டுக்கொண்டார். காபி வேண்டாம் என்று சொல்லி ஜீப்பில் ஏறினார்.

நூற்றிருபதில் நூற்றுப் பதின்மூன்று பொரித்தன.

அவர் என்ன எழுதினார் என்பது ஒன்றரை மாதம் கழித்துத்தான் தெரிந்தது. சுகாதார நர்ஸ் மூச்சு வாங்க மலையேறி வந்து, முப்பது சத்து டானிக் பாட்டிலை இறக்கிவைத்து, அந்தக் காகிதத்தின் நகலை உரக்கப் படித்தாள்: 'இவ்வூரில் சோலார் இல்லை. கர்ப்பிணிகள் முப்பது பேர், வயது பத்தொன்பது முதல் அறுபத்திரண்டு வரை. லைன் அவசரம்.'

அந்த மனிதர் ஏமாந்தாரா, ஏமாற்றினாரா என்று ஊர் இன்னும் இரண்டு கட்சியாகப் பேசிக்கொண்டிருக்கிறது. டானிக்கை மட்டும் ஒரு கட்சியும் திருப்பிக் கொடுக்கவில்லை.

சரியாகப் பத்தாம் மாதம் லைன் வந்தது.

மாப்பிள்ளைக்குக் கல்யாணமும் ஆனது. பெண் கெட்டிக்காரி, மூன்றே வாரத்தில் அவனைத் தன் ஊருக்குக் கூட்டிப்போய்விட்டாள். இங்கே லைன் இருந்ததே தவிர, அதில் கரண்டு இருந்த நாட்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். தச்சரும் ரம்பத்தை லாரியில் ஏற்றிக்கொண்டு மகன் பின்னாலேயே குடிபோனார்.

ஓரகத்தி மட்டும் போகவில்லை. லாரி கிளம்பும்வரை வாசலில் நின்றுவிட்டு, தன் பெட்டி படுக்கையைத் தூக்கிக்கொண்டு நேரே கோழிக்காரி வீட்டுக்குள் நுழைந்தாள்.