வாசலில் மிஞ்சிய செருப்பு

றக்வானை ஊருக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக் கோயில் பள்ளிக்கூடத்துக்கு இந்த வருடம் நூறு வயது. அதன் சரித்திரத்தைக் கல்லில் வெட்டவும், பழைய மண்சரிவில் வகுப்போடு புதைந்துபோன பிள்ளைகளின் பெயர்களைச் சேர்க்கவும் ஃபாதர் முடிவு செய்தார். சவரிமுத்துக் கிழவர் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. அவர் மகள் ரொசலினின் உடல் கிடைக்கவே இல்லை.

"இருபது வருஷமாச்சுங்க ஐயா," என்றார் ஃபாதர்.

"ஆகட்டும். பொணத்தப் பாத்தது யாரு? கல்லு வெட்டுறவனுக்கு என்ன, உங்க பேரக் குடுத்தாலும் வெட்டுவான்."

செருப்பு விஷயத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மண் சரிந்த நாள் வரும்போதெல்லாம், பிள்ளைகள் வீட்டுக்குப் போன பிறகும், அதே இடத்தில் திரும்பக் கட்டிய வகுப்பின் வாசலில் ஒரு சோடிச் செருப்பு மிஞ்சிக் கிடக்கும். அதில் ஈரச் செம்மண் அப்பியிருக்கும். முதல் வருடம் அது ரொசலினின் அளவு. பிறகு வருடா வருடம் அளவு கூடியது. கிழவர் கழுவி வீட்டுக்கு எடுத்துப் போவார்.

இந்த வருடமும் போனார். மழையே இல்லை. வாசலில் ஒரு பெரிய பெண்ணின் செருப்பு, ஈரமாக. அதை ஒட்டி, உள்ளங்கை நீளத்தில் இன்னொரு சோடி.

இரண்டையும் கழுவினார். நேரே ஃபாதரிடம் போய், முதல் தடவையாகக் கைகூப்பினார்.

"அவ பேர வெட்டிராதீங்க சாமி. புள்ளகுட்டிக்காரி."