நாடா அளக்காத தூரம்

பள்ளிக்கூட வாசலிலிருந்து நூறு மீட்டருக்குள் மதுக்கடை இருக்கக்கூடாது என்பது அந்த மாநிலத்துச் சட்டம். யாரோ புகார் எழுதிப்போட, ஓர் அதிகாரி அளவு நாடாவோடு வந்தார். பள்ளியின் இரும்புக் கேட்டிலிருந்து கடையின் ஷட்டர் வரைக்கும் அளந்தார். அறுபது மீட்டர்தான் வந்தது.

ஷட்டர் கடகடவென்று நடுங்கியது.

“சட்டம்னா சட்டம்தான். மூட்டையைக் கட்டு!” என்றது கேட்.

அதிகாரி வெகுநேரம் தாடையைச் சொறிந்தார். மறுவாரம் ஆட்கள் வந்து கேட்டுக்குத்தான் பூட்டுப் போட்டார்கள். பள்ளியின் பின்சுவரை இடித்துப் புது வாசல் வைத்தார்கள். அங்கிருந்து கடை வரைக்கும் சந்து வழியே நாடாவை இழுத்தார்கள். நூற்று நாற்பது மீட்டர். ஷட்டர் சிரித்துக்கொண்டே மேலே ஏறியது.

“கடை இருந்த இடத்துலயே இருக்கு. பூட்டு எனக்கா?” என்று கத்தியது கேட்.

“கத்தாதே. இப்போ எல்லாம் சட்டப்படி இருக்கு,” என்றது நாடா, சுருண்டுகொண்டே.

“சரி, பிள்ளைங்க புது வாசலுக்கு எப்படிப் போவாங்க?”

“கடையை உரசிக்கிட்டுப் போற அதே சந்து வழியாத்தான். வேற வழி ஏது?”

“அப்போ பிள்ளைங்களுக்கும் கடைக்கும் நடுவுல எவ்வளவு தூரம்?”

“ரெண்டு முழம் இருக்கும். ஆனா அதை அளக்க என்னை யாரும் கூப்பிடலையே!”