மலையேறிப் போட்ட சண்டை

வீட்டில் கிடைக்காத அமைதி மலையிலாவது கிடைக்கட்டும் என்று மனைவிதான் கணவனைக் கிளப்பிக் கூட்டி வந்திருந்தாள். “ஒரு வார்த்தை சண்டை வந்தாலும் நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்.”

பாதி வழியில் கணவன் சட்டென்று திரும்பினான். “போதும், இறங்கலாம். ஆமா, உன் தம்பி தண்டச்சோறுக்குக் கல்யாணம் ஒரு கேடா?”

“உங்க அக்கா புருஷன் மட்டும் என்ன மந்திரியா?” காடே அதிரக் கத்தினாள்.

அடிவாரம் வரை இருவரும் ஓயவில்லை.

கார்க் கதவைச் சாத்தியதும் கணவன் கைகூப்பினான். “மன்னிச்சிடும்மா. மேல பாறைகிட்ட கரடி நின்னுச்சு. சத்தம் கேட்டா கிட்ட வராதாம். சொன்னா நீ பயந்து ஓடிடுவியேன்னுதான்... அம்மா வீட்டுக்குப் போக மாட்டியே?”

“நானும்தான் பார்த்தேன்.” அவள் சீட் பெல்ட்டை மாட்டினாள். “இல்லாட்டி, என் தம்பியைச் சொன்னதுக்கு வெறும் கத்தலோடவா விட்டிருப்பேன்?”